போன மின்சாரம் திரும்பி வரவேண்டும்

மண்டூர்த் துறையில் பாதை வந்து முட்டியபோது பொழுதுபடக் கொஞ்ச நேரமே இருந்தது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைப் படகைத்தான் மட்டக்களப்பில் 'பாதை' என்கிறோம். கிழக்கே எழுவான்கரையில் குருமண்வெளியில் ஏறினால் மேற்கே படுவான்கரையில் மண்டூரில் இறங்கலாம். அன்று காற்று பலம். வாவித் தண்ணீர் பலகைமேல் அடித்து வண்டிகளின் அடிப்பாகத்தை நனைத்துக்கொண்டே வந்தது. கரை சேர்ந்ததும் ஒவ்வொருவராகச் சாவியைத் திருப்பி மணலில் ஏறிப் போய்விட்டார்கள். என் 150 சிசி வண்டி மட்டும் 'டிக்-டிக்-டிக்-டிக்' என்றது. உதைத்து எழுப்பக் கிக்கர் இல்லாத வண்டி. தள்ளி ஓடவும் மணல் விடவில்லை.

பக்கத்தில் நின்றவர்கள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: பற்றரி முடிந்தது, புதியது வாங்கு. நானும் அப்படித்தான் நினைத்தேன். துறையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கராஜ் இருந்தது. வண்டியை அங்கே உருட்டிப் போனேன். வயதான மெக்கானிக். சத்தத்தை ஒரு தடவை கேட்டார். "பற்றரி வாங்காதீங்க தம்பி. மறுகா பாப்பம். முதல்ல அதுக்கிட்டயே கேப்பம்" என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கேட்ட கேள்விகளும் வண்டி சொன்ன பதில்களும்தான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

முதலில் அந்தச் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட் பொத்தானை அமத்தும்போது மோட்டருக்கு மின்சாரம் நேராகப் போவதில்லை. இயந்திரத்தைச் சுழற்றி எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டர் ஐம்பது, அறுபது அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டில் துணி அழுத்தும் அயன் பெட்டியின் வலுவுக்குக் கிட்ட. அவ்வளவையும் விரல் நுனியில் உள்ள சின்னச் சுவிச்சில் விட்டால் அது உருகிவிடும். ஆகவே பொத்தான் செய்வதெல்லாம் ரிலே என்ற இடைத்தரகரை எழுப்புவதுதான். ரிலே என்றால் ஒரு கம்பிச் சுருள், ஒரு இரும்புத் துண்டு, இரண்டு தடித்த செம்பு முனைகள். சுருளில் 3 அம்பியர் ஓடினால் அது காந்தமாகி இரும்பை இழுக்கும், தடித்த முனைகள் சேரும், பெரிய மின்னோட்டம் பாயும். அந்த முனைகள் சேரும் ஓசைதான் 'டிக்'.

அது ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறது? முனைகள் சேர்ந்ததும் மோட்டர் மின்சாரத்தை வாரிக் குடிக்கிறது. எங்கோ பலவீனம் இருந்தால் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. சரிந்ததும் ரிலேயின் காந்தம் வலுவிழந்து இரும்பை விட்டுவிடுகிறது. முனைகள் பிரிகின்றன. பிரிந்ததும் குடிக்க ஆளில்லை, அழுத்தம் திரும்ப ஏறுகிறது. காந்தம் மறுபடி இழுக்கிறது. டிக். இப்படித் தன்னைத் தானே அணைத்து, தன்னைத் தானே எழுப்பி, ஒரு நொடிக்குப் பல தடவை துடிக்கிறது. பழைய பள்ளிக்கூட மின்மணி 'டிரிங்' என்று அடிப்பதும் இதே தந்திரத்தால்தான். பழுது தனக்கென்று ஒரு மணியைச் செய்து அடித்துக் காட்டுகிறது.

ஒரேயொரு 'டிக்' கேட்டுவிட்டு அமைதி என்றால் கதை வேறு: ரிலே தன் வேலையைச் செய்கிறது, மோட்டரிலோ அதன் தடித்த வயரிலோ சிக்கல். சத்தமே இல்லை என்றால், மின்சாரம் ரிலே வரைக்கும்கூட வரவில்லை. கிளச் சுவிச், பக்கத் தாங்கிச் சுவிச், வலது கையடியில் உள்ள சிவப்பு நிறுத்தற் சுவிச் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். பாதையில் நெருக்கியடித்து நிற்கும்போது யாருடைய முழங்கையாவது அந்தச் சிவப்புச் சுவிச்சைத் தட்டிவிட்டிருக்கும். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாடல் கேட்பார்கள் அல்லவா? இந்தக் கரையில் மெக்கானிக்குகளும் நீண்ட திருப்புளியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். காதால் நோய் அறிவது இந்த ஊருக்கு அன்னியமான கலையல்ல.

அவர் மீற்றரை எடுத்துப் பற்றரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். 12.6 வோல்ற். இந்த எண்ணுக்குள் ஒரு வேதியியல் பாடமே அடங்கியிருக்கிறது. 1859 இல் பிரான்ஸைச் சேர்ந்த கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமிலக் கலத்தின் பேரப்பிள்ளைதான் நம் வண்டிக்குள் இருப்பது. ஒரு தட்டு ஈயம், மறுதட்டு ஈயவீரொட்சைட்டு, நடுவே கந்தக அமிலம். இந்த இரு தட்டுகளின் குணவேறுபாடு 2.1 வோல்ற்றாக வெளிப்படும். ஆறு கலங்களை வரிசையாகக் கோத்தால் 12.6. மின்சாரம் செலவாகச் செலவாக இரு தட்டுகளும் ஒரே பொருளாக, ஈய சல்பேற்றாக, மாறிக்கொண்டே போகும். வேறுபாடு மறைந்தால் மின்சாரமும் மறையும். 12.0 என்று காட்டினால் பற்றரி அநேகமாக வெறுமை. ஆக, 12.6 என்றால் முழு வயிறு.

அந்த முழு வயிறும் எவ்வளவு சின்னது என்று நினைத்தால் வியப்பாக இருக்கும். 12 வோல்ற், 5 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் இருப்பது ஏறக்குறைய மூன்று கைப்பேசிகளில் உள்ள ஆற்றல். பெற்றோலில் அளந்தால் ஒன்றேகால் தேக்கரண்டி. ஆனால் மூன்று கைப்பேசிகளைக் கட்டி வைத்தால் எஞ்சின் அசையாது. ஈயத் தட்டுகளின் திறமை சேமிப்பில் இல்லை, கொடுக்கும் வேகத்தில் இருக்கிறது. ஒன்றேகால் கரண்டிப் பெற்றோலின் ஆற்றலைத் துளித்துளியாகவும் தரும், ஒரே மூச்சில் அறுபது அம்பியராகவும் தரும்.

பற்றரியில் குறையில்லை. அப்படியென்றால் எங்கே?

இங்கே ஒரு அடிப்படை உண்மையைச் சொல்லியாக வேண்டும். மின்சாரம் தண்ணீரைப் போல ஓடிப்போய் எங்காவது கொட்டிவிடுவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஓடும். அதனால்தான் அதன் வழிக்குச் 'சுற்று' என்று பெயர். வீட்டு மின்குமிழுக்கு இரண்டு வயர் போவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் முன்விளக்கு, பின்விளக்கு, ஹோர்ன், சிக்னல் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டாக வயர் இழுத்தால் பாரமும் செலவும் கூடும். ஆகவே பொறியியலாளர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள்: போகும் வழிக்குத்தான் வயர், திரும்பும் வழி வண்டியின் உடம்பே. பற்றரியின் எதிர்முனையிலிருந்து ஒரு தடித்த வயர் எஞ்சினிலோ இரும்புச் சட்டத்திலோ முறுக்கப்பட்டிருக்கும். கராஜில் அதை 'எர்த்' என்பார்கள். வண்டியில் எங்கே எரிந்த மின்சாரமும் கடைசியில் அந்த ஒரேயொரு திருகாணி வழியாகத்தான் வீடு திரும்பவேண்டும்.

ஓடுவது எவ்வளவு வேகம்? சுவிச்சைத் தட்டிய கணமே விளக்கு எரிவதால் மின்னல் வேகம் என்று நினைக்கிறோம். தள்ளு அப்படித்தான், ஒளியின் வேகத்துக்குக் கிட்டப் பரவுகிறது. ஆனால் உண்மையில் நகரும் இலத்திரன்கள் நத்தையிடமே தோற்றுவிடும். 35 வாற் முன்விளக்குக்கு ஏறத்தாழ 3 அம்பியர் தேவை. வழமையான மெல்லிய செம்பு வயரில் அந்த மின்னோட்டத்துக்கு இலத்திரன்கள் ஒரு நொடிக்குக் கால் மில்லிமீற்றர் அளவில் நகர்ந்தால் போதும். ஒரு மீற்றர் வயரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனைக்குப் போய்த் தேநீரும் குடித்துவிடலாம். பிறகு எப்படி உடனே எரிகிறது? வயர் ஏற்கெனவே இலத்திரன்களால் நிறைந்திருக்கிறது. தண்ணீர் நிரம்பிய குழாயின் ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் உடனே சொட்டுவது போல.

மெக்கானிக் இப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய முன்விளக்குக் குமிழை எடுத்தார். அதில் இரண்டு வயர் பற்றவைத்திருந்தது, அவ்வளவுதான். மீற்றர் கையில் இருக்க இது எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் செய்து காட்டினார். மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்தார். 12.6. குறையே இல்லை. அதே இரண்டு இடத்தில் குமிழை வைத்தார். எரிந்தது, ஆனால் தோடம்பழ நிறத்தில், சோம்பலாக. எஞ்சினில் வைத்த வயரை எடுத்துப் பற்றரியின் எதிர்முனையிலேயே நேராக வைத்தார். பளீரென்று வெள்ளை.

மீற்றர் பொய் சொன்னதா? இல்லை, அதனிடம் கேட்ட கேள்வி அப்படி. நவீன மீற்றர் ஒன்றின் உட்தடை சாதாரணமாக ஒரு கோடி ஓம். மின்தடை என்பது மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு, அதன் அலகுதான் ஓம். கோடி ஓமுக்கு ஊடாக 12 வோல்ற் தள்ளினால் ஓடுவது ஓர் அம்பியரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான். குமிழோ 3 அம்பியர் கேட்கிறது, இருபது இலட்சம் மடங்குக்கு மேல். மண் மூடிய வாய்க்காலில் ஒரு கிண்ணம் தண்ணீர் மொண்டு பார்த்துவிட்டு வயலுக்குப் பாயும் என்று சொல்ல முடியுமா? மீற்றர் கிண்ணத்தால் மொள்கிறது. குமிழ் வயலுக்குப் பாய்ச்சிப் பார்க்கிறது. வழி அரித்துப்போய் ஒரு மெல்லிய தொடுகை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீற்றருக்கு அது போதும். வேலை செய்யவேண்டிய விளக்குக்கும் மோட்டருக்கும் போதாது. இலேசில் விளங்காத இந்த வேறுபாட்டை ஒரு பழைய குமிழால் ஒருவர் கண்முன்னே காட்டும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. வண்டி மின்பழுது பற்றி ஒரேயொரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும் அழகு. குமிழை எஞ்சின் உடம்பு வழியாக எரியவிட்டபடியே, மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்தார். இரண்டும் எர்த். இரண்டும் ஒரே தடித்த வயரால் இணைந்தவை. இடையே அழுத்தம் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், 0.1 வோல்ற்றுக்கு மேல் ஆகாது. மீற்றர் 2.4 காட்டியது. 12 வோல்ற்றில் 2.4 வோல்ற்றை வழியிலேயே யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் தடை ஓர் ஓம். ஜோர்ஜ் ஓம் 1827 இல் எழுதிவைத்த விதி படுவான்கரைக் கராஜில் ஒரே வரியில் குற்றவாளியைக் காட்டிவிட்டது.

ஓர் ஓம் என்பது பெரிதா? விளக்கைக் கேளுங்கள். இழைக்குமிழின் வெளிச்சம் அழுத்தத்தோடு சமமாகக் குறைவதில்லை, பாய்ந்து சரியும். ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். "லைட் மங்கல், வேற குமிழ் போடவேணும்" என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்கும் வேண்டியது புதுக் குமிழ் அல்ல, சுத்தமான எர்த்தான். அறுபது அம்பியர் கேட்கும் ஸ்டார்ட்டர் மோட்டரிடம் கேட்டால் இன்னும் கடுமை. ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடையே 6 வோல்ற்றை, அதாவது பாதிச் சாப்பாட்டை, வழியில் பிடுங்கிவிடும். முழு ஓம் இருந்தால் மோட்டர் அசையவே அசையாது. டிக்-டிக்-டிக்.

சுரண்டும் தாளோடு அவர் குனிந்தார். எஞ்சினின் அடியில் சேறும் மணலும் மூடிய ஒரு திருகாணி. கழற்றியதும் வயரின் கண்முனைக்கடியில் தவிட்டு நிறத் துரு. வயரும் கண்முனையும் சேரும் இடத்தில் இளம்பச்சைத் தூள். களிம்பு! சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்கிறதே, செம்பிலே பிறப்பிலேயே ஒட்டிய களிம்பு, அதுவேதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது நாம் அகற்றுகிற அதே பச்சை.

வாவிக்கரையில் இது ஏன் இவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது? 1800 இல் இத்தாலியரான அலெசாந்த்ரோ வோல்ற்றா உலகின் முதல் பற்றரியை எப்படிச் செய்தார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். நாகத் தகடு, செம்புத் தகடு, இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீரில் தோய்த்த அட்டை. இதை அடுக்கிக்கொண்டே போனார், மின்சாரம் பிறந்தது. இரண்டு வேறு உலோகமும் இடையில் உப்பு ஈரமும் சேர்ந்தாலே ஒரு பற்றரி உருவாகிவிடும். இப்போது அந்தத் திருகாணியைப் பாருங்கள்: இரும்புச் சட்டம், செம்பு வயர், இடையே வாவித் தண்ணீர். யாரும் கேட்காமலே ஒரு வோல்ற்றா பற்றரி அங்கே இரவும் பகலும் வேலை செய்கிறது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நாம் உறங்கும்போதும் அது ஓடும். இரும்பு கரைந்து துருவாகும். துரு மின்சாரத்தைக் கடத்தாது. உப்பிலுள்ள குளோரைட்டு செம்பையும் விட்டுவைக்காது, அது பச்சையாகப் பூக்கும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளம். முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் உள்ளே வரும், மாரியில் ஆற்றுநீர் வந்து கலக்கும். முழுக் கடலும் இல்லை, முழு ஆறும் இல்லை. அதன் இரு கரையிலும், கடற்காற்றிலும், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் தன் உடம்பெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான குட்டிப் பற்றரிகளைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு இணைப்பும் ஒன்று. ஈரம் வயரின் உறைக்குள் நூல்திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். வெளியே பார்த்தால் புத்தம்புது வயர் போலிருக்கும். உறையைச் சீவினால் செம்பு கறுத்துக் கிடக்கும். மாரி வெள்ளத்தில் சில்லு மூழ்க ஓடிய வண்டி அன்றைக்கு நிற்காமல் பங்குனியில் நிற்பதன் இரகசியம் இதுதான்.

எர்த் கெட்டால் வரும் வேறு சில விசித்திரங்களும் உண்டு. பிரேக் பிடித்தால் முன்னால் மீற்றர் விளக்கு எரியும், சிக்னல் போட்டால் ஹோர்ன் முனகும் என்று சிலர் முறையிடுவார்கள். பேய் பிடித்ததல்ல. பின்விளக்குக் குமிழ் ஒன்றுக்குள் இரண்டு இழைகள் உண்டு: ஒன்று பிரேக்குக்கு, ஒன்று இரவுக்கு. இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்று. அது அறுந்தால் பிரேக் இழைக்குள் வந்த மின்சாரம் நின்றுவிடாது. பக்கத்து இழைக்குள் பின்பக்கமாக ஏறி, இரவு விளக்கின் வயர் வழியாக முன்னுக்குப் போய், மீற்றர் விளக்குக்குள் புகுந்து, அங்கிருந்து எர்த்தை அடையும். பாலம் உடைந்தால் சுற்றி வளைத்தாவது ஊர் போய்ச் சேரும் மனிதர்களைப் போல. எந்த விளக்கு எரியக்கூடாதபோது எரிகிறதோ, அதைப் பின்தொடர்ந்தால் உடைந்த பாலம் எங்கே என்று தெரிந்துவிடும்.

என் வண்டியில் குற்றவாளி ஒரே இடத்தில் கிடைத்தான். எல்லா நாளும் அப்படியிருக்காது. பற்றரியிலிருந்து ஒரு சிக்னல் விளக்கு வரை பல இணைப்புகளும் சுவிச்சுகளும் உண்டு. முப்பத்திரண்டு இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொழுது போய்விடும். வயல்களுக்கு நீர் பாய்வதைக் கவனிக்கும் வட்டை விதானையிடம் கேளுங்கள், அவருக்கு இது புதிதல்ல. குளத்தில் நீர் திறந்தும் கடைசி வயலுக்கு வரவில்லை என்றால் அவர் குளத்திலிருந்து அடியடியாக நடக்கமாட்டார். வாய்க்காலின் நடுவுக்குப் போவார். அங்கே தண்ணீர் ஓடினால் உடைப்பு கீழே, ஓடாவிட்டால் மேலே. ஒரே பார்வையில் பாதி வாய்க்கால் கழிந்துவிட்டது. மிஞ்சியதில் மறுபடி நடு. முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று: ஐந்தே சோதனை. கணினிகள் இலட்சக்கணக்கான பெயர்களுக்குள் ஒன்றைக் கண்ணிமைக்குமுன் தேடுவதும் இதே பாதிப்பாதி முறையால்தான்.

பியூஸ் அடிக்கடி எரியும் வண்டிக்கு வேறு வைத்தியம். பியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த கம்பித்துண்டு. ஊருக்கு வரும் ஆபத்தைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாகும் காவல்காரன். அது எரிந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காவல்காரன் சாகாவிட்டால் வயர்க்கட்டு எரியும், மேலே பெற்றோல் தாங்கி இருக்கிறது. மெக்கானிக்குகள் செய்வது இது: பியூஸ் இருந்த இடத்தில் அதே முன்விளக்குக் குமிழைப் பொருத்துவார்கள். எங்கோ வயர் உரசிச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் குமிழ் முழுப் பிரகாசத்தில் எரியும். எரிந்துகொண்டே மின்னோட்டத்தைத் தானே 3 அம்பியரில் தடுத்து வைத்திருக்கும், ஆகவே ஒன்றும் கருகாது. பிறகு வயர்க்கட்டை ஒவ்வொரு இடமாக அசைப்பார்கள். கையடி திரும்பும் கழுத்துப் பகுதியில் அசைக்கும்போது குமிழ் சட்டென்று மங்கினால் புண் அங்கேதான். விளக்கு ஒன்று காவலும் காக்கிறது, கையும் காட்டுகிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் 12 வோல்ற் உலகம். வண்டிக்குள் இன்னொரு உலகமும் இருக்கிறது. பெற்றோலுக்குத் தீ மூட்டும் பிளக்கின் நுனியில் முக்கால் மில்லிமீற்றர் இடைவெளி. அதைப் பொறி தாண்டவேண்டும். சாதாரணக் காற்றிலே ஒரு மில்லிமீற்றரைத் தாண்ட 3000 வோல்ற் வேண்டும். சிலிண்டருக்குள் காற்று ஒன்பது பத்து மடங்கு நெருக்கப்பட்டிருக்கும்போது பொறி பிறப்பது இன்னும் கடினம். ஆகவே 12 வோல்ற்றைப் பத்தாயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்த்தியாக வேண்டும். அதைச் செய்வது உள்ளங்கையளவு கொயில். இரும்பைச் சுற்றித் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, அதன்மேல் மயிரிழைக் கம்பியில் பல ஆயிரம் சுற்று. முதற் சுருளின் காந்தப்புலம் திடீரென்று மாறும்போது இரண்டாம் சுருளில் மின்சாரம் தூண்டப்படும். மைக்கேல் பரடே 1831 இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்.

பொறியின் ஆற்றல் எவ்வளவு? ஒரு கிலோ சீனிப் பையை 3 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தூக்கும் அளவுதான். ஆனால் அது ஊசிமுனையளவு இடத்தில், ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் வெளிப்படுவதால் அதன் வெப்பம் சூரியனின் மேற்பரப்பையும் விஞ்சும். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றும்போது நொடிக்கு 83 தடவை இது நடக்கும். பல சின்ன வண்டிகளில் அதில் பாதி வீண்பொறி. சுழற்சியை எண்ணும் உணரி பிஸ்டன் மேலே வருவதை அறியும். ஆனால் எரிக்க வருகிறதா, புகை தள்ள வருகிறதா என்று அறியாது. ஆகவே இரண்டுக்கும் பொறி விடுகிறது. வீணானது யாரையும் சுடாது, வண்டியோ எளிமையாகிவிடுகிறது. இன்னொன்று: அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் எஞ்சின் 30 பாகை திரும்பிவிடும். தீ பரவ நேரம் வேண்டுமே! ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுகிறது. வேகம் கூடக் கூட அதற்கேற்ப முந்தி விழவேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டி ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

பழைய வானொலியில் மோட்டார் சைக்கிள் கடந்துபோனால் 'கர்ர்' என்று இரைச்சல் வரும். அதற்கும் காரணம் இந்தப் பொறிதான். ஹைன்ரிக் ஹேர்ட்ஸ் 1880களின் கடைசியில் வானொலி அலைகளை முதன்முதலாக உண்டாக்கியது இரண்டு உலோகக் குண்டுகளுக்கிடையே பொறி பாய்ச்சித்தான். ஒவ்வொரு பிளக்கும் பிறவியிலேயே ஒரு வானொலி நிலையம். அதன் வாயை அடைக்கத்தான் பிளக் மூடிக்குள் சில ஆயிரம் ஓம் தடை வைத்திருக்கிறார்கள். உப்பு ஏறி அந்தத் தடை பழுதானால் பொறி நலியும், மழைநாளில் வண்டி விக்கும். பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்க்கவேண்டுமென்றால் அதன் உலோக உடம்பை எஞ்சினோடு ஒட்டப் பிடித்து, பெற்றோல் வாடை இல்லாத இடத்தில் பாருங்கள். திரும்பும் வழி கொடுக்காத பொறி தன் வழியை உங்கள் விரலூடாகத் தேடிக்கொள்ளும்.

பற்றரியை நிரப்புவது யார்? எஞ்சினோடு சேர்ந்து சுழலும் காந்தச் சட்டியும் அதற்குள்ளிருக்கும் செம்புச் சுருள்களும். 1990களில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்களே, அதன் பெரிய அண்ணன் இது. காந்த முனைகள் 12 கொண்ட ஒரு வண்டியில் 5000 சுற்றில் மின்சாரம் நொடிக்கு 1000 தடவை திசை மாறும். வீட்டு மின்சாரம் 100 தடவைதான். முன்னும் பின்னும் ஆடும் இந்த ஆடலோட்டத்தைப் பற்றரி ஏற்காது. சீராக்கி என்ற அலுமினியப் பெட்டி அதை ஒரே திசைக்குத் திருப்பி, 14 வோல்ற்றுக்குச் சற்று மேலே போகாமல் அடக்கி அனுப்பும். மிஞ்சியதைப் பல வண்டிகளில் அது சுருளுக்கே திருப்பிவிட்டு வெப்பமாகக் கழிக்கிறது. அதன் உடம்பில் மீன்செதில் போல வரிகள் இருப்பது அந்தச் சூட்டைக் காற்றில் விடத்தான்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டிகளைச் சாகவிடாமல் காத்தவர்கள் இப்படியான சின்னக் கராஜ்காரர்கள். புதிய வண்டிகளில் பெற்றோலைத் தெளிக்கும் கணினிப் பெட்டி தன் நோயைத் தானே சொல்லும்: மீற்றரில் உள்ள எஞ்சின் விளக்கு நீண்டும் குறுகியும் கண்சிமிட்டும், சிமிட்டலை எண்ணிப் பட்டியலில் பார்த்தால் எந்த உணரி என்று தெரியும். அதையும் இவர்கள் கற்றுவிட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்கும் எர்த் ஒன்றுதான். அது பச்சை பிடித்தால் பெட்டி நல்ல உணரிகளையெல்லாம் குற்றம் சாட்டும்.

திருகாணியை இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, கண்முனையை வெட்டிப் புதியது அழுத்தி, முறுக்கியபின் மேலே கிரீஸ் தடவினார். கிரீஸ் மின்சாரத்துக்காக அல்ல, உப்பு ஈரத்துக்குக் கதவடைக்க. மீற்றரைத் திரும்ப வைத்தார்: 0.03. பொத்தானை அமத்தினேன். டிக் என்ற ஓசை கேட்குமுன்பே எஞ்சின் எழும்பிவிட்டது. பற்றரி முனையில் 14.2. "பற்றரிக் காசு மிச்சம், வீட்ட மீன் வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி, குமிழைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

இருட்டிவிட்டது. பாதைக்குக் காத்திராமல் வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றி, பழுகாமம் கடந்து, பட்டிருப்புப் பாலத்தால் எழுவான்கரைக்குத் திரும்பினேன். முன்விளக்கு வயல்வெளியை வெள்ளையாகத் திறந்துகொண்டே போனது. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்தேன். மண்டூரில் நான் சுவிச்சைப் போட்டபோது அந்த வயருக்குள் நகரத் தொடங்கிய இலத்திரன்கள் பாதி வழியைக்கூட இன்னும் தாண்டியிருக்காது.